மல்லாட்டைக் களத்தில் கோ-கோ

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கோ-கோ மைதானத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஆஷ்லின் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். விடுமுறை முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை, பள்ளிச் சுவரின் இடிந்த மூலை வழியாக உள்ளே புகுந்து மைதானத்தைக் குளமாக்கிவிட்டிருந்தது. ஆட்டத்துக்காக நட்ட கம்பங்கள் இரண்டும் பாதிக்கு மேல் முழுகிக் கிடந்தன. ஒன்றின் உச்சியில் ஒரு கொக்கு, வாடகை கொடுத்து வந்து தங்கியதைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. கெடாரைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் இருக்கும் அந்த அரசுப் பள்ளிக்கு மழைக்காலம் இப்படித்தான் வரும். ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். ஆஷ்லின் மட்டும் விரல் விட்டு நாளை எண்ணினாள். மாவட்டப் போட்டி அடுத்த மாதம்.

பள்ளியின் பெண்கள் கோ-கோ அணி குறுவட்டப் போட்டியில் ஜெயித்திருந்தது. அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் எந்த விளையாட்டிலும் அதுவரை அந்தப் படியைத் தாண்டியதில்லை. அதிலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஜெயித்தது. விளையாட்டு ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய் வருஷம் திரும்பிவிட்டது. அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அறிவியல் எடுக்கும் பிரபாவதி மிஸ்ஸின் தலையில் விளையாட்டுப் பொறுப்பையும் கட்டிவிட்டார்கள். மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு விசில் ஊதத் தெரியும், ஸ்கோர் எழுதத் தெரியும். ஆட்டம் ஒங்களுதும்மா." அதனால் ஆட்டம் ஆஷ்லினுடையதாயிற்று. பத்தாம் வகுப்பு, அணித் தலைவி. யார் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும், யார் முதலில் துரத்த வேண்டும், யாரைத் திட்டினால் ஓடுவாள், யாரைத் திட்டினால் உட்கார்ந்து அழுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வகுப்பில் அவள் மூன்றாவது பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்ப்பவள். வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், தம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் சொன்னால் நாலு பேர் கேட்டார்கள். அந்த நேரத்தை யாராவது தொட்டால் அவளுக்குக் கோபம் வரும். அழுகையும் வரும்.

தொட்டவர் தலைமையாசிரியர் சீனுவாசன். அவர் கெட்டவர் என்று ஆஷ்லின்கூடச் சொல்ல மாட்டாள். போன வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சரிந்துபோய், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள் என்று பள்ளி முழுக்கத் தெரியும். அன்றிலிருந்து மனிதருக்குக் கனவிலும் கணக்குதான். காலாண்டு விடைத்தாள் கொடுத்த அன்றே மிஸ்ஸையும் ஆஷ்லினையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"கணக்குல எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு சார்."

"ஒன் டீம்ல ஓடறாளே, பானுப்ரியா?"

"அவ முப்பத்தாறு சார். பாஸ்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார். பத்தாவதுக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்பு ஆரம்பிக்கப் போகிறது, ஒருத்தரும் தப்பக் கூடாது என்றார். பிரபாவதி மிஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையமர்த்தினார். "நான் ஒண்ணும் ஆட்டத்துக்கு எதிரி இல்ல மிஸ். மாவட்டத்துல ஜெயிச்சுட்டு வரட்டும், சாயங்காலம் அவங்களுது, நான் வாயே தெறக்கல. தோத்துட்டு வந்தா, பத்தாவது புள்ளைங்க நேரா கிளாசுக்கு. பரிட்சை முடியற வரைக்கும் மைதானம் பக்கம் ஒருத்தரையும் நான் பாக்கக் கூடாது. சரியாம்மா?"

"சரிங்க சார்" என்றாள் ஆஷ்லின். அப்படிச் சொல்வதைத் தவிர அந்த அறையில் வேறு வார்த்தை இருக்கவில்லை.

மைதானத்தில் வாத்து. ஆடுவதற்கு இடம்? இரண்டு நாள் வராந்தாவில் ஓடிப் பார்த்தார்கள்; எட்டாம் வகுப்பு மிஸ் வந்து கத்திவிட்டுப் போனார். கோயில் முன்னால் போனால் ஆம்பளைப் பையன்கள் கிரிக்கெட். கடைசியில் ஏரிக்கரைக்குக் கீழே ஊர்ப் பொதுக் களத்தைக் கண்டுபிடித்தவள் பானுப்ரியாதான். நல்ல சிமெண்டுக் களம், மேட்டில் இருப்பதால் தண்ணீர் நிற்காது. ஒரே ஒரு பேஜாரு, அதில் ஊர்க்காரி கோவிந்தம்மாள் தன் நிலத்து வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, காயவைத்திருந்தாள். மழை விட்ட நேரத்தில் பரப்புவாள், தூறல் விழுந்தால் ஓடிவந்து தார்ப்பாய் போடுவாள், மறுபடி பரப்புவாள். பிடுங்கின மல்லாட்டை முளைவிட்டுவிடுமோ என்று அவளுக்குத் தூக்கமில்லை.

"ஆடிக்கோங்க, நான் வேணாங்கல" என்றாள் கோவிந்தம்மாள், கையில் விளக்குமாற்றோடு. "ஒரு கொட்ட மேல கால் பட்டுச்சு, காலு இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"படாது பெரிம்மா. நாங்க இந்தாண்ட ஓரமா ஆடிக்கினு போயிடறோம்."

இந்தாண்டை ஓரம் என்பது நாளுக்கு நாள் சுருங்கியது. இன்னும் இரண்டு வீட்டு மல்லாட்டையும் அங்கே வந்து சேர்ந்தது. எண்ணெய் டின்னில் சிமெண்டு கொட்டிச் சவுக்குக் கம்பு நட்டு இரண்டு கம்பங்கள் செய்திருந்தார்கள். மல்லாட்டை முன்னேறி வரவர, அந்த டின்னை உருட்டி உருட்டி உள்ளே தள்ளினார்கள். கட்டங்களையும் அதற்கேற்ப நெருக்கிச் சுண்ணாம்பால் போட்டார்கள். பிரபாவதி மிஸ் ஒரு நாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் குட்டையா இல்ல?" என்று கேட்டார். "ஆட்டம் அதே ஆட்டந்தான மிஸ்" என்றாள் ஆஷ்லின். மிஸ்ஸுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் ஆசை. டேப் வைத்து அளக்க யாருக்குத் தோன்றும்?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரே வரிசையில் பிள்ளைகள் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. எதிரணிக்காரியைத் தொட்டு வெளியேற்றத் துரத்துகிறவள் ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் திரும்பலாம். முன்னாலேயே திரும்பினால் நடுவர் விசில் ஊதிவிடுவார், பிடிபட இருந்தவள் தப்பித்துக்கொண்டு போய்விடுவாள். இடையில் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்றால், அவள் எழுந்து துரத்த வேண்டும், தொட்டவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். களத்தில் அதை அவர்கள் அப்படி ஆடினார்கள். குட்டையான இடம், வேகம் கூடிற்று. பானுப்ரியா கம்பத்தைப் பார்க்காமலே ஓடி, சரியான இடத்தில் வெடுக்கென்று திரும்பினாள். ஆஷ்லின் கம்பத்தருகே பாய்ந்தால் எதிராளியின் கணுக்கால் கையில் இருக்கும். தார்ப்பாயை மடித்துக்கொண்டே கோவிந்தம்மாள்கூட, "அந்த நெட்ட பொண்ணு இன்னா ஓட்டம் ஓடுது" என்று சொன்னாள். நெட்டைப் பெண் பானுப்ரியா. அவளுக்கு அந்த ஒரு சொல்லிலேயே பூரிப்பில் சீருடை இறுகிப்போயிற்று.

போட்டியன்று காலையில் டவுன் பஸ்ஸில் விழுப்புரம் போனார்கள். ஆஷ்லினின் அம்மா அமலா மல்லாட்டை பிடுங்கப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்று, மகள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, தூக்குவாளியைக் கொடுத்தாள். எல்லோருக்கும் சேர்த்துக் கிளறிய எலுமிச்சை சாதம். "மெதுவா ஆடு" என்றாள். அம்மாவுக்கு ஆட்டத்தைப் பற்றி இருந்த ஒரே யோசனை அதுதான்.

திடலைப் பார்த்ததுமே ஆஷ்லினுக்குப் பெரிதாக இருக்கிறதே என்று தோன்றியது. ஊர் பெரிது, திடலும் பெரிதாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எதிரணி திண்டிவனம் பக்கத்துப் பள்ளி. பச்சை டிராக் சூட், ஒரே மாதிரி ரிப்பன். நம் பிள்ளைகள் சீருடைச் சுடிதாரின் துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

முதலில் துரத்தும் முறை இவர்களுக்கு வந்தது. பானுப்ரியா எழுந்து ஓடினாள், பச்சை டிராக் சூட் ஒருத்தியைக் கம்பம் வரைக்கும் விரட்டினாள், வெடுக்கென்று திரும்பினாள். விசில். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி ஓடினாள், மறுபடி திரும்பினாள், மறுபடி விசில். கம்பம் இன்னும் ஓர் எட்டு தள்ளி, தேமே என்று நின்றுகொண்டிருந்தது. ஆஷ்லின் எழுந்து துரத்தி, கம்பத்தடி வந்துவிட்டதென்று பாய்ந்தாள்; கை எட்டிய இடத்தில் கணுக்கால் இல்லை, வெறும் மண். மோவாய் சிராய்ந்து ரத்தம் வந்தது. எதிர் ஓரத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். வாயில் புகுந்த மண்ணைத் துப்பிக்கொண்டே தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தாள். அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கால்கள் மல்லாட்டைக் களத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கோவிந்தம்மாள் விட்டுவைத்த இடம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் எல்லோருடைய உடம்பும் பழகியிருந்தது. ஐயோ என்றிருந்தது அவளுக்கு. டின்னை உள்ளே தள்ளச் சொன்னது யார்? அவள்தானே.

இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பானுப்ரியா யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிரபாவதி மிஸ் பஞ்சும் மருந்துமாக ஆஷ்லினின் மோவாயைத் துடைக்க வந்தார். ஆஷ்லின் முகத்தை விலக்கிக்கொண்டாள். "அப்புறம் மிஸ். எழுந்திருங்கடி. எல்லாரும் வாங்க."

"எங்கடி?"

"நடக்கணும். ஜல்தி வாங்க."

கடைசிக் கட்டத்திலிருந்து கம்பம் வரைக்கும் நடக்கவைத்தாள். திரும்பி வந்து மறுபடி. "கண்ணால பாக்காத. காலுக்குச் சொல்லு. நம்ம களம் அங்க முடிஞ்சிடுது, இங்க இன்னும் கீது. அந்த மிச்சத்த ஓடணும்." திண்டிவனத்துப் பிள்ளைகள் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆட்டத்தில் நம் பிள்ளைகள் ஆடியதைத்தான் ஆட்டம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடம்பு திரும்பச் சொல்லியது, அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஓடினார்கள். விட்ட புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மிஸ் விசிலை வாயில் வைத்து ஊதாமல் கடித்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரே ஒருத்தியைப் பிடித்துவிட்டால் சமம் என்கிற நிலையில் ஆஷ்லின் "கோ" என்றாள், பானுப்ரியா எழுந்தாள். பச்சை டிராக் சூட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பழைய பழக்கம் சும்மா விடுமா? கம்பத்துக்கு முன்னாலேயே உடம்பு திரும்பிவிட்டது. விசில் ஊதி அவளை மறுபடி நேர்ப்படுத்துவதற்குள் நேரம் முடிந்தது. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

பஸ்ஸில் யாரும் தூக்குவாளியைத் திறக்கவில்லை. எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. பானுப்ரியா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கெடார் ஸ்டாப் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

அம்மா மோவாயைத்தான் முதலில் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, "வுட்டுடுமா" என்றாள். "தோத்தது தோத்தாச்சு. அந்த நேரத்துக்குக் கணக்கு போட்டா பாஸாவது ஆவ."

"கணக்கும் போடறேன்மா."

"கணக்கும்னா? சார்தான் வேணாம்னு சொல்லிட்டாரே."

ஆஷ்லின் பாயை எடுத்து உதறினாள். படுத்தும் யோசித்தாள், காலையில் தண்ணீர் பிடிக்கும்போதும் யோசித்தாள். சரி என்று சொன்னவள் அவள். சொன்ன சொல்லை மீற அவளுக்கு மனமில்லை. ஆனால் சார் கேட்டது எதை? சாயங்காலத்தை. அவள் சரி என்றது எதற்கு? சாயங்காலத்துக்கு. குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. திங்கள்கிழமை இறைவணக்கத்தில் உலகச் செய்தி, மாவட்டச் செய்தி எல்லாம் வாசித்து முடித்த பிறகு பள்ளிச் செய்தி வாசிப்பார்கள். அதை அந்தச் செய்திக்கு உரியவரேதான் வாசிக்க வேண்டும். கலைத் திருவிழாவில் பரிசு வாங்கியவள் தன் பரிசைத் தானே சொல்வாள். சத்துணவுத் தோட்டத்தில் பூசணி காய்த்தால் தண்ணீர் ஊற்றிய ஏழாம் வகுப்பு வந்து சொல்லும். தோற்றவர்கள் வாசித்து யாரும் கேட்டதில்லை. தோற்றால் அன்றைக்கு வாசிக்க வேறு செய்தி வந்துவிடும். அந்தத் திங்களன்றும் மிஸ், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் செய்தியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். ஆஷ்லின் முன்னால் போய் நின்று, "நான் படிக்கறேன் மிஸ்" என்றாள். மிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை விட்டு நகர்ந்துகொண்டார்.

"வணக்கம். மாவட்ட கோ-கோ போட்டியில நாங்க ஒரு புள்ளியில தோத்துட்டோம்." மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். "மைதானத்துல தண்ணி நின்னதால களத்துல பழகினோம். களத்த அளக்கல. குட்டையா பழகிட்டோம். அளக்காம வுட்டது நான். ஆடினவங்க யார் மேலயும் தப்பு இல்ல. சாயங்காலம் பத்தாவதுக்குக் கிளாசு, நாங்க போறோம். இன்னிலேர்ந்து சாப்பாட்டு நேரத்துல மைதானத்துல ஆட்டம் நடக்கும். வர்றவங்க சாப்ட்டுட்டு வாங்க. நன்றி."

பத்தாம் வகுப்பு வரிசையில் பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தேசிய கீதம் பாடி முடித்ததும் சீனுவாசன் சார் ஆஷ்லினைக் கூப்பிட்டார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னம்மா பேச்சு நமக்குள்ள?"

"தோத்தா சாயங்காலம் கிளாசுன்னீங்க சார். ஒரு நாளும் தப்பாம வந்துடறேன் சார். நாங்க எல்லாருமே."

"மைதானம் பக்கம் பாக்கக் கூடாதுன்னும் சொன்னேன்."

"கிளாஸ் நேரத்துல பாக்க மாட்டீங்க சார். சாப்பாட்டு நேரத்த நீங்க கேக்கல சார்."

"அது சாப்பிடறதுக்கும்மா."

"சாப்ட்டுட்டுத்தான் சார் ஆடுவோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அரையாண்டுல கணக்கு எவ்வளவு எடுப்ப?"

ஆஷ்லின் ஓர் எண்ணைச் சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அதைக் காட்டித்தான் அடிப்பார்கள். "இதவிடக் கூட எடுப்பேன் சார். கொறஞ்சா நானே நிறுத்திடறேன்."

"பாக்கலாம்" என்றார் சீனுவாசன். அது சரியா, கூடாதா? அந்தக் காலை முழுக்க, முக்கோணவியல் கரும்பலகையில் போய்க்கொண்டிருக்கும்போதெல்லாம் அவள் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் சரி என்றே வைத்துக்கொண்டாள். கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டை வாங்கி, நின்றுகொண்டே விழுங்கிவிட்டுப் போனாள். தண்ணீர் வடிந்திருந்தது. மைதானம் முழுக்கச் சேறு, நடுநடுவே சின்னக் குட்டைகள். மிஸ்ஸிடம் வாங்கி வந்த டேப்பின் ஒரு முனையை முதல் கம்பத்தில் கட்டிவிட்டு, சேறு கணுக்கால் வரை ஏற ஏற இழுத்துக்கொண்டு நடந்தாள். விதிப்புத்தகத்தில் எவ்வளவோ அவ்வளவு. ஒரு விரற்கடைகூட விடவில்லை. குச்சியால் கட்டம் போட்டாள். போட்ட கோட்டில் தண்ணீர் ஊறியது, மறுபடி போட்டாள். வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அணிப் பிள்ளைகள்கூட அங்கேதான் நின்றார்கள், சார் அறையையும் மைதானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு. ஒருத்தியும் இறங்கவில்லை. யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. தனியாளாக ஆடக்கூடிய ஆட்டமா இது? அவமானத்தில் காது சூடாயிற்று. ஆனாலும் குச்சியைக் கீழே போடாமல் கடைசிக் கட்டத்தையும் போட்டு முடித்தாள்.

நிமிர்ந்தபோது பானுப்ரியா சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் அந்தச் சேற்றிலேயே முழங்கால் மடக்கி, முதுகைக் காட்டிக் குந்தினாள். சுத்தமான சீருடை, அவள் அம்மா பார்த்தால் தோலை உரித்துவிடுவாள். வராந்தாவில் ஒருத்தி தட்டைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி கை கழுவாமலே படியிறங்கினாள்.

ஆஷ்லின் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தூரத்துக் கம்பத்திலிருந்து ஓடி வந்தாள், சேறு முதுகுவரை தெறித்தது, பானுப்ரியாவின் முதுகில் கையை வைத்தாள்.

"கோ."

பானுப்ரியா எழுந்து ஓடினாள். துரத்த ஆளே இல்லாத வெறும் மைதானத்தில், முன்னால் யாரோ ஓடுவதைப் போலவே ஓடினாள். கம்பம் வந்தது. தாண்டினாள். தாண்டியும் திரும்பவில்லை. குட்டைக்குள் இறங்கி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, இடிந்த சுவர்வரைக்கும் போய், இரண்டு கையாலும் செங்கல்லைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.